என் மனைவியின் இதயமும் இரண்டு நிறுவனங்களும்

இன்று எங்கள் ஊர் தம்போய் பேரங்காடியில், உடல்நலக் கைக்கடிகாரம் விற்கும் மேசையைக் கடந்தோம். என் மனைவியின் கையில் போட்டி நிறுவனத்தின் கடிகாரம் இருப்பதைக் கண்டதும் விற்பனைப் பெண் எழுந்து வந்தார்.

"ஆன்ட்டி, பழசைக் குடுத்துட்டு புதுசு எடுத்துக்கலாம் லா. டேட்டா எல்லாம் நாங்களே மாத்திடுவோம்."

தேய்ந்துபோன ஒரு கடிகாரத்தின் மீது ஏன் இத்தனை ஆசை என்று நான் யோசிப்பதற்குள், மனைவி கைப்பேசியை நீட்டிவிட்டார். எங்கள் சார்பில் சம்மதப் பொத்தானையும் அந்தப் பெண்ணே அழுத்திக்கொண்டார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க அங்கிள், ஆன்ட்டிக்கு ஹார்ட்பீட் சரியில்லன்னு பல தடவ காட்டியிருக்கு. அந்த கம்பெனி உங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"எனக்குக் காட்டுச்சு. நான்தான் மூடிட்டேன். சொன்னா எல்லை தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகாதன்னுவீங்க."

நான் வாய் திறப்பதற்குள் விற்பனைப் பெண் முந்திக்கொண்டார். "அதுக்குத்தான் அங்கிள் எங்க ஃபேமிலி பிளான்! ஆன்ட்டி மறைச்சாலும் உங்க போனுக்கு வந்துடும்."

எடுத்த தகவலை அழிக்கச் சொன்னேன்.

"எங்க சிஸ்டத்துல ஏறினது ஏறிடுச்சு அங்கிள்" என்று சிரித்தார்.

அங்கிருந்து நேரே கிளினிக்குக்கு வந்துவிட்டோம். மருத்துவர் அழைப்பதற்காகக் காத்திருக்கையில் இதை எழுதுகிறேன். மனைவி அருகில் இருக்கிறார். பழைய கடிகாரம் என் சட்டைப்பையில் இருக்கிறது.

போட்டியிடும் இரண்டு நிறுவனங்களுக்கும் தெரிந்த பிறகே கணவனுக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டுச் செய்தியை நீங்கள் எந்தக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்கள்?