அப்புறம் சார்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவருக்கு 'அப்புறம் சார்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். டீ வந்தால் அப்புறம், சாப்பாடு அப்புறம், தலைவலி மாத்திரைகூட அப்புறம். எமன் வந்தாலும் அப்புறம் வரச் சொல்லுவார் என்று கடையில் சிரிப்பார்கள்.

அந்தச் சொல் அவரிடம் வந்த கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு இளைப்பு. மனைவி நேராகவே கேட்டாள்: "சிகரெட் வேணுமா, புள்ள வேணுமா?" ஒரேயடியாக விட அவருக்குத் தைரியம் போதவில்லை. மனசு கேட்கும்போதெல்லாம் 'வேண்டாம்' என்று சொல்லாமல் 'அப்புறம்' என்று ஏமாற்றினார். பாழாய்ப்போன மனசு நம்பிவிட்டது. குழந்தையின் நெஞ்சும் தெளிந்தது.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ருசி கண்ட மனுஷன் அதை எல்லாவற்றுக்கும் புழங்க ஆரம்பித்தார். "ஒரு தடவ கடலப் பாத்துட்டு வரலாங்க" என்றாள் மனைவி. அப்புறம். "முழங்கால் நல்லா இருக்கும்போதே போயிடலாமே." அப்புறம். போன மழைக்காலத்தில் கடலைப் பார்க்காமலே அவள் கண்ணை மூடினாள். இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. அவருக்கும் அப்படித்தான்.

மகள் கல்யாணமாகித் தூர தேசத்தில் இருக்கிறாள். வீட்டில் இப்போது யாருக்கும் இளைப்பு இல்லை. யாருமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பெட்டிக்கடையில் ஒரே ஒரு சிகரெட் கேட்டார்.

"யாருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"விருந்தாளிக்கு."

வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் அதையும் தீப்பெட்டியையும் வைத்து எதிரே உட்கார்ந்தார். வழக்கம்போல 'அப்புறம்' என்று சொல்லிப் பார்த்தார். மனசு நம்பவில்லை. அப்புறம் என்ன இருக்கிறது? யார் இருமுவார்கள் என்று இத்தனை கட்டுப்பாடு? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிகரெட்டைக் கையில் எடுத்தார்.

செல்போன் அடித்தது. மகள்தான். அவள் அழைப்பு எப்போதும் ஒரே மாதிரி நடக்கும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பாள். பேச்சு தீர்ந்ததும் "அப்புறம்?" என்பாள். "அவ்வளவுதாம்மா, வெச்சிடறேன்" என்பார் இவர்.

அன்றும் "அப்புறம்?" என்றாள்.

"கைல சிகரெட் இருக்கும்மா. பத்த வைக்கப் போறேன். வேணாம்னு சொல்ல ஒரு காரணமும் தெரியல."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம்.

"அத அப்புறம் பிடிச்சுக்கலாம்பா. இப்ப என்கூடப் பேசுங்க."

என்ன பேசுவது? அம்மா கடல் பார்க்கக் கேட்டதைச் சொன்னார். அவள் அழுதாள். பிறகு தன் வேலையைப் பற்றி, மாடி வீட்டுக்காரியோடு போட்ட சண்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் பேச்சு நின்றது. வைத்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம் வந்தது.

"அப்புறம்?" என்றார்.