கடல் காணாத சாரம்

வாப்பா மௌத்தாகி முப்பத்தொன்பதாம் நாள் காலையில், உம்மாவின் வெள்ளைச் சாரிகள் மூன்றையும் ஒரே தடவையில் நான் நாசமாக்கினேன்.

எங்கள் பக்கத்தில் புருசன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். வீட்டு வாசலைத் தாண்டமாட்டாள். வெள்ளை தவிர வேறு உடுக்கமாட்டாள். வெள்ளைதான் வேண்டும் என்று மார்க்கத்தில் எங்கும் இல்லை என்று இப்போதைய பிள்ளைகள் சொல்லுகிறார்கள். சரியாகவும் இருக்கலாம். ஆனால் உம்மாவின் வயதுப் பெண்களிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர்களுக்கு இத்தா என்றால் வெள்ளை, அவ்வளவுதான்.

மறுநாள், வாப்பாவுக்காக ஓதும் நாற்பதாம் நாள் கத்தம். வாப்பாவின் மூத்த சகோதரி, என் மாமி, குறிஞ்சாக்கேணியிலிருந்து வர இருந்தார். வாப்பா உம்மாவைக் கலியாணம் முடித்த நாளிலிருந்தே மாமிக்கு உம்மாவில் ஒரு குறை. வாப்பாவின் மையித்து வீட்டில் கிடக்கும்போதே, “கண்ணுல தண்ணியே இல்ல, பாத்தீங்களா” என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னது என் காதில் விழுந்தது. உம்மா அப்படித்தான். ஐம்பது வருசம் ஒருவரோடு வாழ்ந்துவிட்டு, நாலு பேர் பார்க்க அழத் தெரியாதவர். அவருடைய துக்கத்துக்கு ஊர் கண்ட ஒரே சாட்சி அந்த வெள்ளைச் சாரிகள்தான்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கந்தோரில் கோப்பு அடுக்குகிறவள். துக்கம் வந்தால் சிலர் படுத்துவிடுவார்கள். நான் துப்புரவு செய்வேன். வாப்பாவை அடக்கி ஆறாம் நாளே அவருடைய அலுமாரியைத் திறந்து, சேட்டு, இடுப்பில் கட்டும் சாரம், தொப்பி என்று எல்லாவற்றையும் பைகளில் கட்டி இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். வாப்பாவுக்கு நன்மை போய்ச் சேரும் என்று சொன்னேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. உம்மா ஒன்றும் சொல்லாவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் பழைய பழக்கம்.

அன்று காலையும் அதே துப்புரவுதான். நாளைக்கு ஆட்கள் வருகிறார்களே என்று, உம்மா குசினிக்குள் இருந்த நேரம் பார்த்து, அவருடைய கட்டில் விரிப்பை நாலு மூலையும் சேர்த்துச் சுருட்டி எடுத்தேன். மூன்று சாரிகளோடும் சேர்த்து மெசினுக்குள் போட்டேன். விரிப்பை ஒருதரம் உதறிப் பார்த்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

மெசினைத் திறந்தபோது உள்ளே வெள்ளை என்று எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரு கலங்கின சிவப்பு. நடுவே முறுக்கிக்கொண்டு ஒரு மறூன் நிறச் சாரம், கட்டம் போட்டது. நான் அதற்குமுன் கண்டதே இல்லை. கடைக்காரன் அதில் ஒட்டியிருந்த தங்கநிறத் தாள் கரைந்து, சிறு சிறு துண்டுகளாகச் சாரிகள் முழுக்க அப்பியிருந்தது. பெருநாளுக்கு ஒன்று எடுத்து வைத்திருப்பதாக வாப்பா சொன்ன புதுச் சாரம் அதுதான். நான் அலுமாரியைக் காலி செய்யுமுன் உம்மா அதை மட்டும் எடுத்து ஒளித்திருக்கிறார். இரவில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். வாப்பா உடுத்த சாரங்களையெல்லாம் நான் அள்ளிக் கொடுத்துவிட்டதால், அவர் ஒரு நாளும் உடுக்காத சாரத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். அது விளங்கினதும் மெசினுக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் கடைக்காரனைத் திட்டினேன். என்ன மட்டமான சாமானை விற்றிருக்கிறான் என்று. சாரத்தில் சாயம் போகும் என்றே எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வயது வரைக்கும் வாப்பாவின் சாரங்களை எதோடும் சேர்த்துத் தோய்த்தவள் நான். பள்ளிக்கூடம் போன காலத்தில் என் வெள்ளைச் சட்டையோடுகூடப் போட்டிருக்கிறேன். ஒரு நாளும் ஒரு பொட்டுச் சாயம் பிடித்ததில்லை.

சாரிகளைத் தூக்கிக்கொண்டு கொடிக்கு ஓடினேன். நல்ல வெயிலில் போட்டால் வெளிறிவிடும் என்று நினைப்பு. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அடுத்த வீட்டு ரீச்சர்தான் என்னைத் தடுத்தார். நாலு பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளையைத் தோய்த்துக் கரை கண்டவர்.

“காயப் போடாதேங்கோ” என்றார். “காஞ்சால் பிடிச்சிடும். பிறகு ஒண்டும் செய்ய ஏலாது.”

ஈரம் இருக்கும்வரைதான் வழி என்று விளங்கப்படுத்தினார். சாரத்தை முதலில் தனியாக எடுத்துப் போடச் சொன்னார். ப்ளீச்சைத் தொடவே வேண்டாம், நைலோன் மஞ்சளாகிவிடும், பருத்தி இத்துப்போகும் என்றார். கொதிக்கக் கொதிக்க இல்லாமல், கை பொறுக்கிற சுடுதண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துணி அமிழ ஊறவைக்க வேண்டும். தண்ணீர் நிறம் மாறினால் ஊற்றிவிட்டுத் திரும்பப் புதிதாக. தன் வீட்டுச் சோடாப் பையையும் மதிலுக்கு மேலால் தந்தார். என் முகத்தைப் பார்த்து, எப்படி நடந்தது என்று கேட்காமல் விட்டார்.

முதல் தண்ணீர் வாப்பாவின் தேத்தண்ணிக் கடைப் பிளேன்டீ நிறத்தில் இறங்கியது. ஊற்றினேன். இரண்டாவது கொஞ்சம் வெளிறி வந்தது. அதையும் ஊற்றினேன். மாமியின் மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய நைலோன் சாரி, உம்மாவுக்குக் கண்ணிலும் காட்டக் கூடாதது, இரண்டாம் தண்ணீரிலேயே பளிச்சென்று வந்துவிட்டது. பருத்திச் சாரிகள்தான் விட மறுத்தன. ஐந்தாம் தண்ணீரில் ஒன்று ஏறக்குறைய வெள்ளை ஆனது. மற்றதில், உள்ளங்கை அகலத்துக்கு முந்தானையில் ஒரு சிவப்பு நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் உம்மா பின்வாசலுக்கு வந்தார். உடம்பில் கிழிந்த பழைய வெள்ளைச் சட்டை. தொட்டியைப் பார்த்தார், சாரிகளைப் பார்த்தார். பிறகு கல்லில் கிடந்த சாரத்தைப் பார்த்தார். ஏச்சு விழும் என்று நின்றேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அது கடல் காணாத சாரன், மகள்” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாப்பா படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். புதுச் சாரம் எடுத்தால், விடிய சுபஹு தொழுதுவிட்டு அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவார். துறைமுகத் தண்ணீரில் அலை இருக்காது. முழங்கால் ஆழத்தில் நின்று, மூதூர்ப் படகு புறப்படும்வரை பார்த்திருப்பார். படகு கிளப்பும் அலை மூன்று வரும். மூன்றிலும் சாரத்தைப் பிடித்து அமிழ்த்துவார். பிழிந்து தோளில் போட்டு, சொட்டச் சொட்ட வீட்டுக்கு வருவார். நான் அதை வாப்பாவின் கிறுக்குகளில் ஒன்று என்று விட்டிருந்தேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சாயம் போகாத சாரம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. போகிறதையெல்லாம் அவர் எங்களுக்குத் தெரியாமல் கடலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இதைக் கொண்டுபோகத்தான் அவர் இல்லை.

நான் அழுதேன். முப்பத்தொன்பது நாளில் முதல் தடவை. உம்மா என் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் நைலோன் சாரியை மடித்துக் கட்டிலில் வைத்தேன். அதுதான் சுத்தமான வெள்ளை, மாமிக்கும் வாய் திறக்க இடமிராது. உம்மா அதை அப்படியே அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கறை நின்ற பருத்திச் சாரியை உடுத்துக்கொண்டு வந்தார். முந்தானையை மறைக்கவும் இல்லை.

மாமி வந்து பக்கத்தில் அமர்ந்தார். எதிர்பார்த்தபடியே அந்த முந்தானையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இதென்ன வெள்ளை என்று கேட்டார்.

“அவர் பெருநாளைக்கு எடுத்த சாரன்ட சாயம் மதினி” என்றார் உம்மா. “புடிச்சிட்டு.”

யாசீன் ஓதத் தொடங்கினார்கள். ஓதி முடியும்வரை மாமி அந்த முந்தானையைக் கையிலிருந்து விடவில்லை.

எல்லோரும் போன பிறகு, பின்நேரம் அஸர் தொழுதுவிட்டு உம்மா என்னைக் கூப்பிட்டார். சாரம் மடித்தபடி மடியில் இருந்தது.

“எனக்குப் போக ஏலாது” என்றார். “நீ ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டிட்டு வா.”

ஜெட்டியடியில் வாப்பாவின் கடை பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். வாப்பா நின்ற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று ஓர் இடத்தில் இறங்கி, முழங்காலுக்குத் தண்ணீர் வந்ததும் நின்றேன். படகு புறப்பட்டது. முதல் அலையில் சாரத்தை அமிழ்த்தினேன். இரண்டாவதில் அமிழ்த்தினேன். மூன்றாவதிலும் அமிழ்த்திப் பார்த்தேன். என் கால்விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. தண்ணீரில் ஒரு பொட்டுச் சாயம் இறங்கவில்லை. அது விட வேண்டியதையெல்லாம் குசினிக்குப் பின்னால் ஓடும் கானுக்குள் ஊற்றியவள் நான்தான். இன்னும் இரண்டு படகு வரும்வரை நின்றேன். சாயம் ஒன்றும் வரவில்லை.

உம்மா வாசலுக்கு உள்ளே, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சாயம் போச்சா மகள்?”

“ஓம் உம்மா” என்றேன். “மூணாவது அலையோட நிண்டிட்டு.”

“அவருக்கும் மூணாவதுலதான் நிக்கும்” என்றார்.

ஈரச் சாரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். முகத்தோடு சேர்த்துப் பிடித்தார். அதில் உப்பும் பாசியும் படகு எண்ணெயும் மணத்தன. புதுச் சாரத்தோடு வாப்பா வீட்டுக்கு வரும் காலைகளில் அவர் தோளில் இருந்த அதே மணம். உம்மாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சத்தம் வரவில்லை. வெள்ளைச் சாரி முன்பக்கமெல்லாம் நனைந்தது.

உப்போடு காயவிட்டால் துணி விறைத்துப்போகும், வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீரில் ஒருதரம் அலசித் தருகிறேன், கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை.