தெற்குச் சுவரோரம் ஏழு செடிகள்

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. சட்டை மாற்றிக்கொண்டு திரும்பலாம் என்று வெண்டல் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் மனைவி அர்டிஸ் போய்விட்டாள். தெருமுனையில் பள்ளிப் பேருந்து பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷம் அதை ஓட்டியவள் அவள்.

பின்னால் பையன்கள் சண்டை போட்டால் கண்ணாடியில் பார்த்து, "வாய மூடுறியா, எறங்கி நடக்குறியா?" என்பாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பனியில் நடக்க யாரும் ஆசைப்பட்டதில்லை.

அவளுக்கென்று இருந்தது தெற்குச் சுவரோரத்து வெயில் பாத்தி. அதில் ஏழு பட்டாம்பூச்சிச் செடிகள். எருக்கின் சொந்தம்தான், ஆனால் கிள்ளினால் பால் வராது. பூ கொழுந்துவிட்டெரிகிற ஆரஞ்சு. விதையை ஈர மணலில் கலந்து குளிர்பெட்டியில் ஒரு மாதம் வைத்து, பிறகு விதைத்து, முதல் பூவுக்கு மூன்று வருஷம் காத்திருந்தாள்.

"நான்கூட உன்ன இவ்வளவு நாள் காக்க வைக்கலியே" என்று வெண்டல் கேலி செய்வார்.

"நீ இன்னும் பூக்கவே இல்லையே" என்பாள்.

மே கடைசியில், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளுக்கு, அவள் தங்கைகள் வருவதாக இருந்தது. தெருவெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. அந்தப் பாத்தி மட்டும் வெறும் மண். அவளோடு அதுவும் போயிற்று என்று நினைத்தார். வருகிறவர்கள் கண்ணில் மொட்டை மண் பட வேண்டாம் என்று மண்வெட்டியை எடுத்தார்.

மூன்றாவது வேர் அறுபட்டபோது பக்கத்து வீட்டு டெலோரிஸ் வேலியோரம் வந்தாள்.

"என்ன பண்ற வெண்டல்?"

"எல்லாம் செத்துப்போச்சு. வேற ஏதாவது வைக்கலாம்னு."

"யாரு சொன்னா? பனிக்காலம் பூரா மண்ணுக்குள்ள தூங்கிட்டு, இது எல்லாத்துக்கும் கடைசியாத்தான் எந்திரிக்கும்."

அவர் குனிந்து அறுந்த வேரை எடுத்தார். கட்டைவிரல் தடிமன். வெட்டுவாய் வெள்ளை வெளேரென்று ஈரமாக இருந்தது. தலையில் ஒரு சின்ன முளை.

"திருப்பி நட்டா பிழைக்குமா?"

டெலோரிஸ் வேலிக்கு மேல் எட்டி வேரைப் பார்த்தாள். "ஆழமான வேரு. அறுந்தா கஷ்டம்ப்பா. வேரு இருக்குற எடத்துக்கு அடையாளமா அவ குச்சி நட்டிருப்பாளே, நீ பாக்கலையா? வெண்டல் தோண்டிடுவான்னு வருஷா வருஷம் திட்டிக்கிட்டேதான் நடுவா."

கிழக்குக் கோடியில் நான்கு குச்சிகள் நின்றன. இத்தனை நாளும் அவற்றைப் பார்த்திருக்கிறார், எதற்கென்று கேட்டதில்லை. அவர் தோண்டிய பக்கத்தில் ஒன்றுமில்லை.

போன அக்டோபரில் நான்காவது குச்சியை நட்டதும், மூச்சு வாங்குகிறது என்று அர்டிஸ் உள்ளே வந்து படுத்தாள். மற்ற மூன்று செடிகளுக்குக் குச்சி நடவில்லை.