மயிரிழை கெடாத புத்தகம்

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது ஏற்காட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் வந்தது. எழுபதுகளின் கடைசியில் அங்கே ஈய எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தேன். கரடியூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். அங்கே அடிப்பது பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையும் எஸ்டேட் நோட்டீசும்தான்.

ஒரு மழைக்காலத்தில் வயதான காப்பி எஸ்டேட்காரர் ஒருவர் வந்தார். எங்கள் மலைப் பூக்களைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியிருந்தார். இந்த எழுத்தில்தான் வர வேண்டும் என்று ஒரு சீமைப் புத்தகத்தையும் காட்டினார். அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரே எழுத்தில் ஒரு பக்கம் தூண் மாதிரி தடிப்பு, மறுபக்கம் மயிரிழை போல மெல்லிய கோடு. கோடு முடிகிற இடத்தில் நறுக்கென்று ஒரு மெல்லிய பாதம். எட்டாவது வரை படித்த எனக்கு அதன் பொருள் பாதி புரியவில்லை. அழகு முழுக்கப் புரிந்தது.

அச்சக முதலாளி அதே வகை எழுத்தை மெட்ராசிலிருந்து வரவழைத்தார்.

"மொதல்ல பதினாறு பக்கம் அடிச்சுக் காட்டுங்க. மயிரிழை கெட்டுச்சுன்னா மெட்ராசுக்கே கொடுத்துருவனுங்க" என்றார் எஸ்டேட்காரர்.

முதல் தாளே சொதப்பியது. ஜன்னல் வழியே வந்த மூடுபனியில் காகிதம் நமத்திருந்தது. காகிதம் நமத்தால் மையைக் கூட்டு, அழுத்தத்தைக் கூட்டு என்பது எங்கள் அச்சகத்துப் பழக்கம். கல்யாணப் பத்திரிகை அதைத் தாங்கும். இந்த எழுத்தில் மெல்லிய கோடெல்லாம் வீங்கிப்போனது.

"உட்டுரு அம்மிணி. இது நம்ம மலைக்கு ஒத்து வராது" என்றார் முதலாளி.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பக்கத்துக் கடை காப்பிக்கொட்டை வறுக்கும் கடை. மழைக்காலத்திலும் உள்ளே கதகதவென்று இருக்கும். கடைக்கார அக்காவிடம் கேட்டுக்கொண்டு, வறுக்கும் உருளைக்கு மேலே கயிறு கட்டி, இரண்டு நாள் காகிதத்தைத் தொங்கவிட்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் பனி படாமல் சாக்குக்குள் பொத்தி எடுத்துவந்தேன். மையையும் அழுத்தத்தையும் குறைக்கச் சொன்னேன். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே குறைத்தார். முதல் அழுத்தத்தில் நசுங்கியிருந்த இரண்டு எழுத்தை மாற்றிக் கோத்தேன். மிச்சமெல்லாம் கண்ணாடியில் கீறினது போல விழுந்தது.

எஸ்டேட்காரர் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். முகம் இறுகியது.

"ஏனுங்க, நெசத்தைச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம மெட்ராசுல அடிச்சு வாங்கியாந்தீங்கதானே?"

எனக்குச் சுருக்கென்றது.

"மோந்து பாருங்க ஐயா" என்றேன்.

அவர் தாளை மூக்கருகே கொண்டுபோனார். ஆயுள் முழுக்கக் காப்பியோடு வாழ்ந்தவர். பக்கத்துக் கடையில் வறுத்த கொட்டையின் வாசம் அவருக்குத் தெரியாதா? பிறகு பையிலிருந்து புத்தகத்தின் மீதிக் கையெழுத்துப் பிரதியை எடுத்தார். முதலாளி கையை நீட்டினார். எஸ்டேட்காரர் அதை என் மேசைமேல் வைத்தார்.