பிரேக் அண்ணியின் புகையடுப்பு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. புகுந்த வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. நாத்தனார் என்றைக்கோ விளையாட்டாக "பிரேக் அண்ணி" என்று ஆரம்பித்து வைத்தாள், அப்படியே ஒட்டிக்கொண்டது. சும்மா ஒன்றும் ஒட்டவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். காலையில் சாவியைப் போடுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவாள். குனிந்து அடியில் பார்ப்பாள், கதவை இழுத்துப் பார்ப்பாள், டயரை ஒரு தட்டுத் தட்டுவாள். அப்புறமும் மனசு கேட்காமல் இன்னொரு சுற்று.

"சக்கரம் நாலும் இருக்கா அண்ணி? ராத்திரியில ஒண்ணு எழுந்து நடந்து போயிருக்கப் போகுது" என்பாள், பியூட்டி பார்லர் வைத்திருக்கும் நாத்தனார்.

"போனா உங்க பார்லருக்குத்தான் வந்திருக்கும், முடி வெட்டிக்க" என்பாள் இவள். வாயில் மட்டும் பிரேக் கிடையாது.

அவள் வேனில் ஏறிய பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட இன்றுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. நடக்காத விபத்துக்கு யார் மாலை போடுகிறார்கள்!

இப்படிப்பட்டவள் கையில்தான் அந்தப் புகையடுப்பு வந்து சேர்ந்தது. வேன் முதலாளி வீடு மாறிப் போகும்போது "வேணும்னா வெச்சுக்கோ" என்று தள்ளிவிட்டுப் போனது. இடுப்புயர இரும்பு உருளை, அடியில் கரித்தட்டு, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே கம்பி வலை, தலைக்கு ஒரு மூடி, காலுக்கு இரண்டு சக்கரம். கரியின் சின்னச் சூட்டிலும் மரத்துண்டின் புகையிலும் கறி மெதுவாக, மிக மெதுவாக வேகும். அவசரக்காரர்களுக்கு ஆகாத அடுப்பு.

ஆரம்பத்தில் அவளும் சொதப்பினாள், ஏன் மறைக்க வேண்டும்? முதல் தடவை, உடைந்த பழைய அலமாரியின் பலகையைப் போட்டுப் புகை மூட்டினாள். பெயிண்ட் அடித்த பலகை. கோழியைத் திறந்ததும் பஞ்சர் கடை வாடை. நாய்க்குக்கூடப் போடாமல் முழுசாகக் குப்பையில் கொட்டினாள். அடுத்த தடவை மரம் சரி, கோழி பிரமாதம், ஆனால் ஆறிவிட்டது என்று நினைத்துச் சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாள். மறுநாள் காலையில் தொட்டி இருந்த இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு தோசைக்கல் அளவுக்குக் குழம்பு போல ஏதோ உறைந்து கிடந்தது. பக்கத்தில் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் விறகுக் குவியல். அதைப் பார்த்துவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து புகையடுப்பும் வேன்தான். மூட்டும் முன் இரண்டு சுற்று. சுவரிலிருந்தும் வேலியிலிருந்தும் தள்ளி, தலைக்கு மேல் கூரையோ கிளையோ இல்லாத வெட்டவெளியில், கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையில்தான் நிற்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். சாம்பலுக்கு மூடி போட்ட தகர வாளி. கறிக்குள் குத்திச் சூடு பார்க்க நீளமான ஊசி வைத்த தெர்மாமீட்டர். எழுபத்து நாலு டிகிரி காட்டாத கோழியை அவள் வீட்டுக்குள் விடமாட்டாள், நீங்கள் தலைகீழாக நின்றாலும்.

இதையெல்லாம் சகிக்காத ஒரே ஆள் மாமியார். கஞ்சி சூடாக இருந்தால் "நாக்கைச் சுடவா குடுக்கிறே?" ஆறியிருந்தால் "பொணத்துக்கா குடுக்கிறே?" புகையடுப்பு மூட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே கச்சேரி ஆரம்பித்துவிடும். கொடியில் கிடக்கும் புடவையெல்லாம் நாறுகிறது, கண் எரிகிறது, ஒரு கோழிக்கு ஒரு நாளா என்று சொல்லிக்கொண்டே, தட்டு வந்ததும் முதல் ஆளாக உட்கார்ந்து தொடைத்துண்டை எடுத்துக்கொள்வாள். அந்த வீட்டில் மாமியார் குறை சொல்லும் சத்தம் கடிகாரச் சத்தம் மாதிரி. ஓடும்போது யாருக்கும் கேட்காது.

அது ஒருநாள் நின்றுபோனது.

டைபாய்டு. ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, எலும்பும் தோலுமாக வீடு வந்தாள் மாமியார். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் பசி திரும்பவில்லை. "நல்லா வெந்தது எதுவா இருந்தாலும் குடுங்க, முதல்ல சாப்பிடட்டும். அரை வேக்காடு மட்டும் கூடவே கூடாது, குடல் இன்னும் புண்ணாத்தான் இருக்கும்" என்றார் டாக்டர். எதைக் கொடுத்தாலும் இரண்டு ஸ்பூன், அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். கஞ்சி சூடு என்றும் சொல்லவில்லை, ஆறிவிட்டது என்றும் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்கு, போதும்மா" என்றாள். அந்த "நல்லாத்தான் இருக்கு" என்பதைக் கேட்டுத்தான் மருமகள் பயந்துபோனாள். இந்த மனுஷி இனி பிழைக்க மாட்டாளோ என்று வேன் ஓட்டும்போதெல்லாம் நினைப்பு. சண்டை போட்ட வாய்தான், ஆனால் மருமகளின் தகப்பன் செத்தபோது மூன்று நாள் அவளை மடியில் போட்டுக்கொண்டதும் அதே ஆள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவரைப் பார்த்தபடியே மாமியார் சொன்னாள்: "அந்தப் புகை போட்ட கோழி இருக்குமே... அதுன்னா கொஞ்சம் சாப்பிடுவேன்."

வீடே துள்ளியது. ஃப்ரீசரில் கல்லாகக் கிடந்த கோழியை அப்போதே அடுப்பில் ஏற்றச் சொன்னான் புருஷன். அவன் பேக்கரியில் வேலை பார்க்கிறவன். அடுப்பு என்றால் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு உண்டு.

"உள்ள ஐஸா இருக்கிறது சின்னச் சூட்டுல வேகறதுக்குள்ள கெட்டே போயிடும்ங்க. ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுல வெச்சு முழுசா இளகட்டும், ஞாயித்துக்கிழமை போடலாம்" என்றாள்.

"போட்டாங்கய்யா பிரேக்கை" என்றாள் நாத்தனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டினாள். கோழி ஏறியது, புகை நூலாக எழுந்தது. கூடவே மேற்கே கறுப்பாக மழையும் ஏறி வந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, மூடி மேல் விழுகிற மழையால் கோழிக்குக் கேடில்லை, கொஞ்சம் நேரம்தான் கூடும் என்று கணக்குப் போட்டு, கரியை மட்டும் ஏற்றிவிட்டு நின்றாள். தொப்பலாக நனைந்துவிட்டாள். உடை மாற்றிக்கொண்டு வர உள்ளே போனாள். அந்தச் சின்ன இடைவெளி போதாதா!

திரும்பி வந்தால் சிமெண்டுத் தரை காலியாக இருந்தது.

கொல்லையை ஒட்டி ஒரு கார் ஷெட். ஷட்டர் முக்கால்வாசி இறக்கியிருந்தது. அடியிலிருந்து புகை கசிந்தது. உள்ளே கனத்த கையுறையோடு புருஷனும், பக்கத்தில் நாத்தனாரும் வெற்றி வீரர்கள் மாதிரி நின்றார்கள். நடுவில் புகையடுப்பு.

"பாத்தியா, ஒரு சொட்டு படலை. மழையில சூடு இறங்கி இறங்கி எப்ப வேகறது? எங்க பேக்கரி அடுப்பெல்லாம் கட்டடத்துக்குள்ளதானே இருக்கு!" என்றான் அவன்.

"உங்க பேக்கரி அடுப்புக்கு மேல சிம்னி இருக்கு. இதுக்கு மேல என்ன இருக்கு, உங்க தலையா?" கத்தினாள் அவள். அவள் அப்படிக் கத்தி அந்த வீடு கேட்டதில்லை. "வெளிய வாங்க ரெண்டு பேரும்! அத்தை ரூம் ஜன்னல் எங்க தொறக்குது? ஷெட்டுக்குள்ளதானே?"

அப்போதுதான் இருவரும் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். அரைக்கதவு திறந்திருந்தது.

ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டு அவள் வீட்டுக்குள் ஓடினாள். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தாள். "அத்தை! அத்தை!" என்று தோளை உலுக்கினாள். கண் உடனே திறக்கவில்லை. அந்த ஒரு விநாடி இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. அப்புறம் "என்னம்மா?" என்று இமை பிரிந்தது. அப்படியே தூக்கி அணைத்து, சாரல் படாத முன்வாசல் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். வீட்டின் ஜன்னல் ஒன்று விடாமல் திறந்தாள். அதற்குள் புருஷன் அடுப்பை வெட்டவெளிக்கு உருட்டிவிட்டு வந்து நின்றான்.

"தலை கொஞ்சம் கிண்ணுனு இருக்கு" என்றான், அசட்டுச் சிரிப்போடு.

"இருக்கும். இங்க உக்காருங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. கொஞ்ச நேரத்துல குறையலைன்னா வேனை எடுப்பேன், மூணு பேருக்கும் ஆஸ்பத்திரிதான்." நாத்தனாரையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "கரி எரியிறப்ப ஒரு வாயு வரும்ங்க. புகையாவது கண்ணுக்குத் தெரியும். அது தெரியாது, மோந்தாலும் தெரியாது. தூங்கறவங்களை எழுப்பாமலே கொண்டு போயிடும். ஷட்டரைத் தூக்கி வெச்சாலும் சரி, இறக்கி வெச்சாலும் சரி, சுவருக்குள்ள இது வரவே கூடாது."

அவனுக்குச் சிரிப்பு போய்விட்டது. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, சற்று நேரத்தில் தலை லேசானது என்றான். மாமியாரும் தெளிவாகவே இருந்தாள். மழையும் தூறலாகக் குறைந்தது.

அப்போது மாமியார் சொன்னாள்: "எனக்குப் பசிக்குது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்த வாயிலிருந்து வராத சொல் அது.

கொல்லைக்கு ஓடிப் போய்ப் பார்த்தார்கள். கோழி வெளியே சிவந்து மின்னியது. வாசனையோ, தெருவே திரும்பிப் பார்க்கும். அவள் தொடையில் எலும்பில் படாமல் ஊசியைக் குத்தினாள். அறுபத்தொன்று. இழுத்து அலைக்கழித்ததில் அடுப்பின் சூடு இறங்கியிருந்தது.

"ஆகலை" என்றாள்.

"அண்ணி, எங்கம்மா வாயைத் தொறந்து பசின்னு சொல்லியிருக்காங்க. இந்தப் பசி இன்னும் எவ்வளவு நேரம் நிக்கும்னு யாருக்குத் தெரியும்? ஓரத்துல ஒரு துண்டு கிள்ளிக் குடுங்க அண்ணி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்!" நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைத் தப்பு சொல்லவும் முடியாது.

"பொரிச்சாவது குடுத்துடலாமே" என்றான் புருஷன். அதைப் போய்க் கேட்டும் பார்த்தார்கள். "பொரிச்சதுன்னா வேண்டாம். புகை போட்டதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள் மாமியார்.

கொடுத்துவிடலாமா? அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஒரு துண்டுதானே. ஆனால் டாக்டர் சொன்னது காதில் நின்றது. புண்ணான குடலுக்குள் அரை வேக்காட்டை அனுப்பிவிட்டு ராத்திரி எப்படித் தூங்குவது? கொடுக்காமல் விட்டு, இந்தப் பசியும் போய், மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்? அப்போது இந்த வீடு அவள் முகத்தில் விழிக்குமா? அவளே கண்ணாடியில் விழிப்பாளா?

"ஆகலைன்னா ஆகலை" என்றாள். மூடியை அழுத்தி மூடினாள். "யாரும் மூடியைத் திறக்காதீங்க. திறக்கத் திறக்கச் சூடு போகும்."

தனிச்சட்டியில் பற்றவைத்த கரியைக் கொண்டுவந்து அடியில் சேர்த்தாள். காற்றுத் துளையை அகலத் திறந்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு எட்ட நின்றாள். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டாள். புருஷன் மட்டும் போய் அவள் கையிலிருந்த குடையை வாங்கி அவளுக்குப் பிடித்தான். இத்தனை வருஷத்தில் அவன் செய்த நல்ல காரியங்களில் அதையும் சேர்க்க வேண்டும்.

அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. முன்வாசலை எட்டிப் பார்த்தால் மாமியாரின் தலை நாற்காலியில் சாய்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. போச்சு, தூங்கிவிட்டாள், பசி போய்விட்டது. என் பிடிவாதத்தால்தான் என்று நினைத்தாள் மருமகள். நினைத்துக்கொண்டே தொடையில் குத்தினாள், மறு தொடையில் குத்தினாள், மார்க்கறியில் இரண்டு இடத்தில் குத்தினாள். எழுபத்தாறு. எழுபத்தைந்து. எங்கேயும் குறைவில்லை. அப்பாடா!

தட்டில் வைத்து முன்னால் கொண்டுபோய் நின்றாள். "அத்தை."

மூக்கு மட்டும் லேசாக அசைந்தது. அப்புறம் ஒரு கண் திறந்தது.

மாமியார் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு துண்டு. இன்னொன்று. தொடைத்துண்டு பாதி காலியானது. அப்புறம் மீதியைக் கையில் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, கோழியா சல்லடையா? ஒரு இடம் விடாம குத்தி வெச்சிருக்கே. இருந்த சாறெல்லாம் ஓடிப் போச்சு. உப்பும் பத்தலை. இதுக்காடி காலையிலேருந்து என்னைக் காக்க வெச்சே?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். புருஷன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். மழையில் நனைந்தபோதும் ஷெட்டுக்குள் ஓடியபோதும் அழாத பிரேக் அண்ணிக்கு இப்போது கண்ணிலிருந்து கொட்டியது, எந்தப் பிரேக்கும் பிடிக்கவில்லை.

"தப்புதான் அத்தை, தப்புதான்" என்றாள், சிரித்துக்கொண்டே, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே.

"அழுதா உப்பு ஏறுமா? போ, இன்னொரு துண்டு எடுத்துட்டு வா. குத்தாததா பாத்து."