ரேணுகாம்பாள் கோத்த கம்ப்யூட்டர்

ரேணுகாம்பாளுக்கு ஓரிடத்தில் நிலையாக உட்கார வராது. அடுப்பில் சோறு கொதிக்கும்போதே தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுவாள். அவள் டைப் அடிக்கும் தொழிலுக்கு வந்தது கணவன் சின்னசாமிக்கே ஆச்சரியம். அவன் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினான்.

ஹார்டுவேர் வகுப்பில் ஆறு மாதம் படித்த தைரியத்தில், 2002-இல் சென்னைக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி, மதர்போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி வந்தாள். வீட்டு முன்னறையில் தானே கோத்தாள். முதல் முறை திரையில் எழுத்து வந்தபோது சந்தோஷத்தில் தெருவுக்கே ஓடிவிட்டாள்.

அடுத்த வருஷம் ராமதாஸ் வந்தார். கல்லூரி ஆசிரியர். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களில் பெய்த மழையும் மல்லாட்டை எனும் வேர்க்கடலை விளைச்சலும் பற்றி ஆறு வருஷமாக ஆய்வு செய்தவர். அவள் டைப் அடிக்க வேண்டிய ஆய்வேடு நூற்றெண்பது பக்கம். பாதிக்கு மேல் எண் அட்டவணைகள். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும்.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்விட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே நின்றது. உள்ளிருந்து நீளமாக பீப், பீப் என்ற சத்தம். ரேம் கிடைக்கவில்லை என்று மதர்போர்டு சொல்லும் பாஷை அது. முந்தின நாள் மாலை சின்னசாமி ஈரத்துணியால் மேஜையைத் துடைத்தது அவளுக்கு நினைவு வந்தது.

"தண்ணி உள்ள போயிருச்சு. உங்கள யாருங்க தொடைக்கச் சொன்னது?"

"மேஜையத்தான் தொடைச்சேன் ரேணு. பொட்டியத் தொடவே இல்ல."

அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ரேம் அட்டைகள் இரண்டையும் கழற்றி, பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மறுபடி செருகினாள். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. ஒரு மணி நேரம் அடித்தாள். திரை உறைந்தது. அட்டைகளை இடம் மாற்றிப் பார்த்தாள். ஒன்றை மட்டும் போட்டாள். பிறகு மற்றதை மட்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. புதன்கிழமை முழுவதும் இதே பாடு. நடுநடுவே எழுந்து வாசலுக்குப் போவாள், வருவாள், மூடிய பெட்டியையே திரும்பத் திறப்பாள்.

வியாழக்கிழமை ராஜமாணிக்கத்தின் பிரவுசிங் சென்டருக்கு அட்டைகளைக் கொண்டுபோனாள். அவன் மெஷினில் போட்டு, ரேமைச் சோதிக்கும் ஃபிளாப்பியை நாலு மணி நேரம் ஓட விட்டார்கள். ஒரு பிழைகூட இல்லை. கையோடு அவனுடைய பவர் சப்ளையைக் கடன் வாங்கி வந்து தன் மெஷினில் மாட்டினாள். அப்போதும் திரை உறைந்தது. ரேமும் நல்லது, கரண்டும் நல்லது என்றால், மிச்சம் இருப்பது மதர்போர்டுதான்.

டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள். ரேம் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன டப்பா போல நின்ற, கரண்டைச் சீராக்கும் கண்டன்சர்களில் மூன்றின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் மேல் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ராஜமாணிக்கத்திடம் இடி விழுந்து செத்த போர்டு ஒன்று இருந்தது. அதையும் தன் போர்டையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே டிவி மெக்கானிக் கருப்பன் கடைக்குப் போனாள். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"டிவினா பண்ணிருவேன்மா. இது ரொம்ப நெருக்கமா கீது. சூடு ஜாஸ்தியாச்சுன்னா போர்டே போயிரும்."

"ஏற்கெனவே போயிடுச்சுங்கண்ணா. இனிமே போறதுக்கு இன்னா இருக்குது?"

அவர் செத்த போர்டிலிருந்து அதே அளவுள்ள மூன்றைப் பிடுங்கி மாற்றிப் பற்றவைத்தார். அந்த முக்கால் மணி நேரமும் அவள் கடைக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தாள்.

வீட்டில் மாட்டியதும் ஒரே ஒரு பீப், திரையில் எழுத்து. மாலை வரை உறையவில்லை. சின்னசாமி சாப்பிட வந்தபோது சொன்னாள்.

"தண்ணி இல்லீங்க. கண்டன்சர். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"நாலு நாளா பேசாம இருந்தியே, அது எந்தக் கண்டன்சர்?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும்.

அத்தோடு முடியவில்லை. சனிக்கிழமை, பௌர்ணமி கிரிவலக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகையில், ஓர் அட்டவணையில் அவள் கண் நின்றது. ஒரு கிராமத்தில் ஜூலை மாத மழை 91.4 என்றிருந்தது. கையெழுத்துப் பிரதியில் 11.4. அப்படித் தான் அடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். போர்டு கெட்டிருந்த நாட்களில் சேமித்தபோது எண்களே மாறியிருந்தன. இன்னும் எத்தனை மாறியிருக்கும்?

யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ராமதாஸுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் கூட்டத்தைத் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தார்.

"ஆறு வருஷ வேலைம்மா இது."

"நீங்க படிங்க சார். நான் திரையில பாக்குறேன்."

ஞாயிறு மாலை வரை வாய்விட்டுப் படித்தார்கள். பதினாலு எண்கள் மாறியிருந்தன; எல்லாவற்றையும் திருத்தி அச்செடுத்தாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ராமதாஸ் ஆய்வேட்டோடு கிளம்பினார். அடுத்த வருஷம் பட்டம் வந்தது.

அந்த போர்டு 2006 வரை ஓடியது. ஆனால் ரேணுகாம்பாள் அதை ஒருநாளும் முழுதாக நம்பவில்லை. எந்த அட்டவணையையும் கொடுப்பதற்கு முன் யாரையாவது பிடித்து எண்களைப் படிக்கச் சொல்வாள். பெரும்பாலும் சின்னசாமிதான் மாட்டுவான். அவன் புள்ளி வரும் இடத்திலெல்லாம் "பொட்டு" என்று படிப்பான்.