ரத்தாக வேண்டிய விமானம்

விமான டிக்கெட் தொழிலில் விற்கிறவனுக்கும் விலை தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தன் எங்கோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து நம்முடைய அவசரத்தை மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

நான் கொல்கத்தாவில் பிறந்து, தமிழும் வங்காளமுமாகப் படித்து, மஸ்கட்டில் ஒரு விமானக் கம்பெனியின் கவுண்டரில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, நாற்பத்தைந்து தாண்டியபின் ஊர் திரும்பியவன். இப்போது காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில் தபன்தாவோடு கூட்டாக ஒரு டிக்கெட் கடை. ‘தா’ என்றால் இங்கே அண்ணன். என்னையும் ரவிதா என்றுதான் கூப்பிடுவார்கள். டிக்கெட் போடுவதோடு எங்கள் வேலை முடியாது. போட்டதைவிட மலிவாக ஒன்று கண்ணில் பட்டால் இதைக் கழற்றி அதை மாட்ட வேண்டும். வருஷத்தில் பத்து மாதம் நான் நிதானமான மனுஷன். துர்கா பூஜைக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் யாரும் என்னிடம் அன்பாகப் பேசிவிடாதீர்கள், கடித்துவிடுவேன். நீங்களும் ஏதாவது ஒரு பண்டிகைக்கு டிக்கெட் தேடியிருப்பீர்கள். கண் இமைப்பதற்குள் விலை ஏறுவதைப் பார்த்து செல்போனைச் சுவரில் எறியத் தோன்றியிருக்கும். எறியாமல் பல்லைக் கடித்தவர்களுக்காகத்தான் போன பூஜையில் நடந்ததை எழுதுகிறேன்.

கத்திரிக்காய் விலை

கோபாலன் மாமா நியூ டவுனில் பத்தாவது மாடியில் இருக்கிறார். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னையில் அவருடைய மச்சினருக்கு சஷ்டியப்தபூர்த்தி, சரியாகப் பூஜை நவமியன்று. முதல் நாள், அதாவது அஷ்டமியன்று காலை விமானம் மலிவு, எடுத்துவிடுங்கள் மாமா என்று ஆகஸ்டிலேயே சொன்னேன். அஷ்டமியன்று கொல்கத்தாக்காரன் எவனும் ஊரைவிட்டு நகர மாட்டான். அன்றைக்கு விமானமெல்லாம் பாதி காலியாகத்தான் போகும். “இன்னும் இறங்கும், பொறு” என்றார்.

பொறுத்தேன். தினமும் காலையில் போன். நான் ஒரு விலை சொல்வேன், அவர் போனில் ஒரு விலை தெரியும், புனேவில் இருக்கும் மாப்பிள்ளை லேப்டாப்பில் மூன்றாவதாக ஒரு விலை. மூவரும் மாறி மாறி எட்டிப் பார்த்ததிலேயே அது ஏறியதோ என்னவோ, செப்டம்பரில் ஆகஸ்டு விலை போன இடம் தெரியவில்லை. கடைசியில் ஒரு நாள் கடைக்கே வந்தார். விலையைச் சொன்னதும் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. திருடன் ஒருவன் இருக்கிறான். ஆனால் அவன் இந்தச் சந்தில் இல்லை. மாமா கார்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: “நேத்திக்குச் சொன்ன விலைக்கு இன்னிக்குக் குடேன்டா. மார்க்கெட்ல நான் கத்திரிக்காயே நேத்து விலைக்குத்தான் வாங்கிண்டு வரேன்!”

திங்கட்கிழமை

எங்கள் கடைக்கு மேல்மாடியில் ஷம்பா ரவிக்கை தைக்கிறாள். அவள் தம்பி பாப்பி வாடகைக் கார் ஓட்டுகிறவன், முப்பது வயசு. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடாதே என்று சொல்லிவிட்டார். பெரிய வியாதி என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெற்கேதான் திசை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி, விஜயதசமி கழிந்த திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தது. சாந்த்ராகாச்சி ஸ்டேஷனிலிருந்து சென்னைக்குப் போகிற ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். கிடைத்தாலும் அத்தனை நேரம் ரயிலில் போகக் கூடாது என்று டாக்டர் கட்டளை.

ஞாயிற்றுக்கிழமை விமானத்தைப் பார்த்தேன். பூஜைக்கு ஊர் வந்த பெங்களூர், சென்னைப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் போகிற நாள் அது. விலை மூன்று மடங்கு. அதைக் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டிய முன்பணத்தில் கைவைக்க வேண்டும். நோயாளிக்கும், கோவாவில் கூத்தடித்துவிட்டுத் திரும்புகிறவனுக்கும் ஒரே விலைதான், அதில் மட்டும் பேதமே கிடையாது. அஷ்டமியன்றே போய் லாட்ஜில் காத்திருங்கள், அதுதான் கட்டுப்படியாகும் என்றேன். ஷம்பா தலையாட்டினாள். வாசலில் நின்ற பாப்பி வங்காளத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “போகச் சொன்னா போறேன் ரவிதா. ஆனா தசமியன்னிக்கு எங்க தெரு துர்க்கையை ஆத்தங்கரை வரைக்கும் போய் வழியனுப்பாம நான் இருந்ததே இல்ல. அடுத்த வருஷம் அனுப்பிக்கலாம்னு எனக்கு யாராவது உறுதி சொல்லுங்க, இப்பவே கிளம்பறேன்.”

தமிழில் கேட்டுப் பார்த்தது

டிக்கெட்டின் தேதியை நகர்த்த முடியாவிட்டால் ஆஸ்பத்திரியின் தேதியை நகர்த்தினால் என்ன என்று தோன்றியது. நம்மிடம்தான் தமிழ் இருக்கிறதே! இங்கிருந்து கூப்பிடுகிறவர்கள் எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் திணறும்போது, நான் தமிழில் “வணக்கம்மா” என்று ஆரம்பித்தால் பாதிக் கதவு தானாகத் திறக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கதவு திறந்தது உண்மை. ஆஸ்பத்திரியில் போனை எடுத்த அம்மாள் என் ஊரைப் பற்றியெல்லாம் விசாரித்தார். கொல்கத்தாவில் இட்லி கிடைக்குமா என்றுகூடக் கேட்டார். நான் மெதுவாக விஷயத்துக்கு வந்தேன். “திங்கட்கிழமையை அதே வாரம் வியாழக்கிழமை ஆக்கினீங்கன்னா டிக்கெட் பாதி விலைக்கு வரும் மேடம்.” மறுமுனையில் குரல் மாறிவிட்டது: “ஏன் சார், டாக்டர் கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி ப்ளேன் டிக்கெட் ரேட்டைப் பாத்துட்டுத்தான் எடுக்கணுமா? இந்தத் தேதியை விட்டா டிசம்பர்தான். டிசம்பர் வரைக்கும் அந்த வால்வு தாங்கும்னு நீங்க சொல்றீங்களா?”

தபன்தாவின் யோசனை

நான் போனை வைத்துவிட்டு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் கோபத்தை அதிகமாக்கியது. தபன்தா அப்போதுதான் வாயைத் திறந்தார். அவர் பேசுவதே அபூர்வம். அஷ்டமியன்று காலையில் ஒரே கம்பெனிக்குச் சென்னைக்கு இரண்டு விமானம். இரண்டும் பாதி காலி. கடைசி நேரத்தில் ஒன்றை நிறுத்தி ஆட்களை இன்னொன்றில் அடைப்பார்கள், வருஷா வருஷம் நடப்பதுதான். கம்பெனியே விமானத்தை மாற்றினால் பயணி கூடக் காசு கொடுக்காமல் சில நாள் முன்பின்னாக வேறு விமானத்துக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமைக்கும்கூட. ஆகவே அஷ்டமி டிக்கெட்டை வாங்கு, அது ரத்தாகட்டும் என்று காத்திரு. ஆகாவிட்டால் பாப்பி அஷ்டமியன்றே போக வேண்டியதுதான்.

எனக்கு வயிறு எரிந்தது. மஸ்கட்டில் எத்தனை வருஷம் விமானம் தாமதமானதற்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்! கம்பெனிக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாட்டார்கள் என்று நம்பினால்தான் இல்லாதவன் கட்டுப்படியாகிற விலையில் போய்ச் சேரலாம் என்றால், இது என்ன வியாபாரம்? ஆனாலும் அக்கா தம்பி இருவருக்கும் வாங்கினேன். கோபாலன் மாமா போகிற அதே விமானம். ஷம்பா நேரே காளி கோயிலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, பூசாரியிடம் வேண்டுதலைச் சொன்னதும் அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார் என்றாள். “எல்லாரும் பத்திரமாப் போய் இறங்கணும்னு அம்மாகிட்ட கேப்பாங்க. கிளம்பவே கூடாதுன்னு கேக்க வந்தவ நீ ஒருத்திதான்னு சொல்றார் ரவிதா!”

சம்மதமா என்று கேட்டார்கள்

பூஜைக்குச் சில நாள் முன்பு கோபாலன் மாமா போனில் கொதித்தார். “காலம்பற ப்ளேனை மத்தியானம் ஒண்ணரைக்கு மாத்திட்டான்டா கடங்காரன்! வியாழக்கிழமை ஒண்ணரை ராகு காலம்டா!” ஒரு மனிதர் ராகு காலத்தைப் பற்றிக் கத்துவது என் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது அன்றைக்குத்தான். “மாமா, நீங்க எதையும் அமுக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். விமானம் மாறிவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டுவிடலாம்!

பாப்பி போனைக் காட்டினான். செய்தி அவனுக்கும் வந்திருந்தது. அதன் கீழே ‘அக்செப்ட்’ என்று ஒரு பச்சைப் பட்டன். அமுக்கியிருந்தான். அமுக்கினால் ஒண்ணரை மணிக்குச் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் இலவசமாக மாற்றும் உரிமை போயிற்று. நான் போட்ட சத்தத்தில் தைக்கக் கொடுக்க வந்த இரண்டு பெண்கள் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நோயாளி என்பதுகூட எனக்கு நினைவில்லை. பாப்பி சொன்னான்: “மரியாதையா சம்மதமான்னு கேட்டாங்க ரவிதா. இத்தனை வருஷம் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டறேன், ஒரு தடவைகூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல.”

உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்

அந்த வாக்கியத்தை எழுதியவனை நான் ஒரே ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும். முக்கியம் முக்கியம் என்று சொல்லிச் சொல்லி, நடுவில் ஒரு பியானோவையும் வாசித்துக் காட்டி, ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று மனுஷனைப் பாடாய்ப் படுத்திவிட்டு, கடைசியில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. இந்தியில் பேசினாள். சின்னப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். வால்வைப் பற்றிச் சொன்னேன், திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னேன், பச்சைப் பட்டனைப் பற்றிச் சொன்னேன். ‘சிஸ்டத்தில் அக்செப்டட் என்று காட்டுகிறது சார்’ என்றாள். சிஸ்டத்துக்கு இதயம் உண்டா, அதில் வால்வு உண்டா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை; இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது தணிந்த குரலில் சொன்னாள்: “என் முன்னாடி ஸ்க்ரீன்தான் சார் இருக்கு, ப்ளேன் இல்ல. மறுபடி ஏதாவது மாறினா உங்க உரிமை திரும்ப வரும். அதுவரைக்கும் அந்தப் போனை யாரும் தொடாம பாத்துக்குங்க.”

சந்தேஷ்

ஷம்பா தம்பியின் போனைப் பிடுங்கித் தையல் மிஷின் டிராயரில், ஊக்குப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள். வெளியே பந்தல்களில் விளக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பாப்பி எங்கள் கடைப் படியில் உட்கார்ந்து, டமடமவென்று போகிற மேளக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் எதுவும் கேட்க மாட்டான். அவன் கேட்காதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பஞ்சமியன்று தபன்தா கம்ப்யூட்டரைப் பார்த்து ‘ஓ’ என்றார். அந்த ஒண்ணரை மணி விமானம் ரத்து. ஆட்களில்லையாம்! வேறு எதையும் பார்க்காமல் அக்கா தம்பி இருவரையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிப் போட்டேன், ஒரு பைசா கூடுதல் இல்லாமல்.

ஷம்பா சந்தேஷ் என்கிற பால் இனிப்பை வாங்கிவந்து சந்து முழுக்கக் கொடுத்தாள். சரியாக அந்த நேரத்தில் கோபாலன் மாமா டாக்ஸியிலிருந்து இறங்கி, குடையை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் கையில் ஒரு சந்தேஷ். விமானம் ரத்தான சந்தோஷத்துக்கு என்று அவரிடமே சொல்லிவிட்டாள். மிஞ்சியிருந்த காலை விமானம் அதற்குள் நிரம்பிவிட்டதால் மாமாவை முதல் நாள் விமானத்துக்கு மாற்றிக் கொடுத்து, பாப்பியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். குடையை மடக்கினார். சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டார். “சரி, இவன் பொழைச்சுட்டு வரட்டும். ஆனா இவனுக்காக ஒரு நாள் முன்னாடியே போய் என் மச்சினன் மூஞ்சியைப் பாக்கணும்னு இருக்கே, அதுக்கு எந்தக் கம்பெனிடா நஷ்ட ஈடு குடுக்கும்?”

வார்டிலிருந்து

தசமியன்று பாப்பி துர்க்கையை ஏற்றிய லாரிக்குப் பின்னால் நடக்கக் கூடாது என்பதால், அதன் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றங்கரை வரை போனான். மறுநாள் பறந்தார்கள், திங்கட்கிழமை படுக்கை கிடைத்தது. ஆபரேஷன் நடந்த அன்று நான் ஒருத்தருக்கும் டிக்கெட் போடவில்லை; வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன், தபன்தா அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சமாதானம் சொன்னார். சாயங்காலம் ஷம்பா கூப்பிட்டாள். நல்லபடியாக முடிந்ததாம். அதைச் சொல்லிவிட்டு அழுதாள், நானும் திட்ட ஆளில்லாமல் சும்மா இருந்தேன்.

சில நாள் கழித்துப் பாப்பியே பேசினான். நூல் மாதிரிக் குரல். வலிக்கிறதா என்று கேட்டேன். அது கிடக்கட்டும் என்றான். “ரவிதா, பக்கத்துப் பெட்ல பர்த்வான்காரர் ஒருத்தர். கிறிஸ்துமஸ் கூட்டத்துல மறுபடி இங்க வரணுமாம், விலை கேட்டே அவருக்கு நெஞ்சு வலிக்குது. அவருக்கும் அந்த ரத்தாகற டிக்கெட்ல ஒண்ணு போட்டுக் குடுங்களேன்!”

நேரத்துக்குப் போகிற விமானங்களை விற்று வாழ்நாளெல்லாம் திட்டு வாங்கிய நான், போகாத ஒன்றை விற்றதற்காக இப்போது காளிகாட்டிலிருந்து சென்னை வார்டு வரைக்கும் நல்ல பெயரோடு உட்கார்ந்திருக்கிறேன்.